என் பெயரில் எழுதிய சர்க்கரை

ஒருவனுடைய நோயை என் பெயரில் எழுதி வாங்கிக்கொண்டு, அதை அவனிடம் சொல்லாமல் பதினோரு மாதம் மறைத்தவன் நான்.

இதை முதல் வரியிலேயே போட்டுவிடுவது நல்லது. மெல்ல மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தால், பத்தி முடிகிற நேரத்தில் ‘இடமில்லை’ என்று சொல்லி நழுவிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இப்போது ஏன் இந்த ஞாபகம்? சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் உண்மை பேசுவதில் உள்ள சௌகரியங்களைப் பற்றி எழுதியிருந்தேன். பாராட்டிச் சில கடிதங்கள் வந்தன. ஒருவர், ‘தங்களைப் போன்ற நேர்மையாளர்கள்...’ என்று தொடங்கி இரண்டு பக்கம் புகழ்ந்துவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்திருந்தார். அவர் மகன் ஒரு வேலையை விட்டுவிட்டானாம். அடுத்த வேலையில் சேர இன்னும் மூன்று மாதம். பழைய கம்பெனி கொடுத்த வைத்திய வசதி நின்றுவிட்டது. புதிய கம்பெனியின் வசதி இன்னும் தொடங்கவில்லை. நடுவில் இருக்கும் இந்த மூன்று மாதத்துக்கு மட்டும் ஏதாவது இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? ‘அனுபவஸ்தரான தாங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.’

அனுபவம் உண்டு. கேட்டுவிட்டு, கொடுத்த பட்டத்தை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பம். செங்கோட்டைக்கு மேலே மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். தேயிலை விலை விழுந்தது. அது எங்கேயோ லண்டனில் விழுந்தது என்றார்கள். ஆனால் அடிபட்டது என் தலையில். துரை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தாம் மிகவும் வருந்துவதாகச் சொன்னார். ஒன்பது வருஷத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அன்று ஒருநாள்தான்.

வேலை போனது. குவார்ட்டர்ஸ் போனது. இவை இரண்டும் போகும் என்று தெரியும். மூன்றாவதாக ஒன்று போனதை மலையிலிருந்து இறங்கிய பிறகுதான் உணர்ந்தேன் — எஸ்டேட் டிஸ்பென்சரி! அங்கே ஒரு கம்பவுண்டர் இருந்தார். காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மிக்ஸ்சர்தான் கொடுப்பார். வீட்டிலிருந்து எடுத்துப் போகும் பாட்டில் மட்டும்தான் மாறும். அந்த மிக்ஸ்சரை ஒன்பது வருஷம் திட்டிக்கொண்டே குடித்தோம், இலவசமாக.

தென்காசியில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நான், என் மனைவி கோமதி, இரண்டு பெண் குழந்தைகள். அடுத்த வேலை இல்லாமல் இல்லை. சுரண்டையில் புதிதாக ஒரு பஞ்சு ஜின்னிங் ஆலை கட்டிக்கொண்டிருந்தார் ஒரு முதலாளி. போய்ப் பார்த்தேன்.

“தை பொறக்கட்டும், வந்து சேரும். செவரு இன்னும் பூசல” என்றார். “படிச்சவன் ஆயிரம் பேரு வாரான் வே. எனக்குப் படிப்பு ரெண்டாவது. நாணயம்தான் மொதல்ல. அதுல ஒரு சொல்லு வந்துச்சு, அன்னைக்கே படியிறங்கிற வேண்டியதுதான்.”

அந்தக் கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைத் தேவைக்கு மேலேயே மனத்தில் வைத்திருந்தேன்.

அப்போது ஆனி மாதம். தைக்கு இன்னும் ஏழு மாதம். அதுவரைக்கும் வீட்டில் யாருக்கும் எதுவும் வரக் கூடாது. ஆனால் உடம்புக்கு இதெல்லாம் எப்படித்தான் தெரிகிறதோ? வேலையில் இருந்தபோது தும்மல் வெறும் தும்மல்தான். வேலை போன பிறகு ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு பெயர் இருந்தது. என் தகப்பனாரோ சர்க்கரை வியாதியில் போனவர். காலில் ஒரு சின்னப் புண் — அதில்தான் தொடங்கியது. எனக்கும் அது காத்துக்கொண்டிருக்கிறது என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

இன்ஷூரன்ஸ் தேடிப் புறப்பட்டேன். திருநெல்வேலியில் ஒரு கம்பெனியில் மரியாதையாகவே பேசினார்கள். செத்தால் கொடுப்போம் என்றார்கள். சாகாமல் படுத்திருந்தால்? அது அவர்கள் இலாகா இல்லையாம்.

தென்காசியிலேயே, ஒரு ஜவுளிக்கடை மாடியில், ஒரு சகாய நிதி இருந்தது. ‘நோய்க்கால உதவி — ஆறு மாதத் திட்டம்’ என்று போர்டு. அதன் ஏஜென்ட் நல்லபெருமாள் அண்ணாச்சி. சந்தனப் பொட்டு, கோட்டு, காதில் ஒரு பேனா. விண்ணப்பப் பாரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார்.

“எங்கன வேலை பாக்குதிய?”

“இப்ப வேலை இல்லண்ணாச்சி. அதுக்காகத்தான் வந்தேன்.”

பேனா மறுபடி காதுக்குப் போனது. “வேலையில இருக்கவங்களுக்குத்தான் இந்தத் திட்டம்.”

“வேலையில இருக்கவனுக்குச் சம்பளம் வருதே! இல்லாதவனுக்குத்தான இது வேணும்?”

“வேணுங்கிறவனுக்கெல்லாம் குடுத்தா கம்பெனி நிக்குமா? வேண்டாதவனுக்குக் குடுத்தாத்தான் நிக்கும்.”

இன்ஷூரன்ஸ் தத்துவத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை இன்றுவரை நான் கேட்டதில்லை.

என் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. “சரி, விவசாயம்னு போடுதேன்” என்றார்.

“எனக்கு நிலமே கிடையாதே?”

“நிலம் உண்டுமான்னு பாரத்துல கேக்கல. கேக்காததுக்கு ஏன் பதில் சொல்லுதிய?”

விதிகளைப் படித்துக் காட்டினார். மலேரியா சேராது. பிரசவம் சேராது. பாம்புக்கடி சேராது. அருவியில் வழுக்கி விழுந்தால் சேராது. வயல், மலை, அருவி மூன்றும் சுற்றி இருக்கிற ஊரில், வருவது எதுவும் சேராது!

“அப்ப எதுக்குத்தான் அண்ணாச்சி சேரும்?”

“மத்த எல்லாத்துக்கும்” என்றார் பெருமையாக. “ஆனா டாக்டர் பாத்துக் கையெழுத்துப் போடணும். சர்க்கரை மட்டும் இருக்கவே கூடாது. டாக்டர் சீசனுக்குக் குத்தாலத்துல பங்களா எடுத்திருக்காரு. காலம்பற எந்திரிச்சதும் போற ஒண்ணுக்கை ஒரு புட்டியில புடிச்சிட்டுப் போங்க. வெள்ளிக்கெழம வருவியன்னு டாக்டருக்கு எழுதிப் போட்டிருதேன்.”

சர்க்கரை என்ற சொல்லைக் கேட்டதுமே என் தகப்பனாரின் கால் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. மாடிப்படி இறங்குவதற்குள் யோசனையும் வந்துவிட்டது. டாக்டர் தம் கண் முன்னால் பிடிக்கச் சொல்லவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்கிறார். வீட்டிலிருந்து என்றால்... யார் வீட்டிலிருந்து?

எங்கள் தெருவின் கடைசி வீடு குத்தாலிங்கத்துடையது. தென்காசி ஸ்டேஷனுக்கும் குற்றாலத்துக்கும் ஜட்கா வண்டி ஓட்டுகிறவன். முப்பது முப்பத்திரண்டு வயது. சீசனுக்கு வருகிறவர்களின் டிரங்குப் பெட்டியை ஒரு கையால் தூக்கி வண்டியில் போடுவான். காலில் செருப்பில்லாமல் பாறைமேல் நடப்பான். அவனைப் பார்த்தால் நோய்க்கே பயமாக இருக்கும். நான் அவனைவிடப் பத்து வயது மூத்தவன். ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவான். அந்தச் சொல்லை அவன் வாயளவில் வைத்துக்கொள்ளவில்லை. நாங்கள் மலையிலிருந்து இறங்கி வந்த அன்று எங்கள் சாமான் முழுவதையும் அவன்தான் ஏற்றி இறக்கினான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவனிடம் புட்டியை நீட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். குதிரைக்குப் புல் வைத்துக்கொண்டிருந்தவன், புல்லைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

“அண்ணாச்சி, இந்தத் தெருவுல எங்கிட்ட வண்டி கேட்டிருக்காவ. எருவுக்குக் குதிரை லத்தி கேட்டிருக்காவ. இதைக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்!”

“சிரிக்காதலே. எங்க அப்பாவுக்கு சர்க்கரை. எனக்கும் இருக்கும். உனக்கென்ன, இரும்பு ஒடம்பு.”

“அது சரி. எம்புட்டு வேணும்?”

“முக்கால் புட்டி போதும்.”

“முழுசாவே தாரேன். நம்மகிட்ட இதுக்கா பஞ்சம்?”

உண்மையில் அவனுக்கு அதற்குப் பஞ்சமே இல்லாமல்தான் இருந்தது, சில மாதங்களாக. அது ஏன் என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவன் வண்டியிலேயே குற்றாலம் போனோம். சாரல் பெய்துகொண்டிருந்தது. புட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். வழியெல்லாம் குத்தாலிங்கம் பின்னால் திரும்பித் திரும்பி, “பத்திரம் அண்ணாச்சி, சிந்திராதிய! கெடைக்காத சரக்கு!” என்று கேலி செய்துகொண்டே வந்தான்.

டாக்டர் வயதானவர். அருவியில் குளித்துவிட்டு, மேல்துண்டோடு உட்கார்ந்திருந்தார். என் மார்பைத் தட்டினார். நாக்கை நீட்டச் சொன்னார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். பிறகு ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, கண்ணாடிக் குழாயில் நீலமாக ஒரு திரவத்தை விட்டு, புட்டியிலிருந்து சில சொட்டுகள் சேர்த்துக் காய்ச்சினார்.

நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. அதோடு நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. செங்கல் நிறத்துக்கு வந்துதான் நின்றது.

“மிஸ்டர், சர்க்கரை ஏராளமாக இருக்கிறதே! தாகம் எவ்வளவு நாளாக?” என்றார் டாக்டர்.

“எனக்குத் தாகமே இல்லை, டாக்டர்.”

“எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். தகப்பனாருக்கு உண்டா?”

“உண்டு.”

“பார்த்தீரா!” என்றார், தம் சாமர்த்தியத்தில் மகிழ்ந்தவராக.

நல்ல மனிதர். கம்பெனிக்கு எழுத வேண்டியதை எழுதிவிட்டு என்னை அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் கால் மணி நேரம் உட்கார வைத்துப் புத்தி சொன்னார். அரிசியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இனிப்பைத் தொடவே கூடாது. செருப்பில்லாமல் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. “காலில் சிறு கீறல் பட்டாலும் ஓடி வந்துவிட வேண்டும். இப்போதே கவனித்தால் நீர் நூறு வயது இருக்கலாம்.” ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன். வெளியே, சாரலில், அந்தப் புத்திமதிக்கு உரியவன் வெறுங்காலோடு குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நான் படியிறங்கும்போது டாக்டர் வராந்தாவுக்கு வந்து உரக்கச் சொன்னார்: “மிஸ்டர், மறக்காதீர்! சர்க்கரை! இனிமேல் அரைவயிறுதான்!”

குத்தாலிங்கம் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. வண்டிக்கு அருகே நான் வந்ததும், மெதுவாகக் கேட்டான்.

“அண்ணாச்சி... சர்க்கரைன்னு சொல்லுதாரே. அது ஒங்களுக்கா, எனக்கா?”

நேரான கேள்வி. ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம்.

அந்த ஒரு கணத்தில் என்னவெல்லாம் நினைத்தேன் என்று சொல்கிறேன். குத்தாலிங்கம் வாயில் எதுவும் தங்காது. வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லாரிடமும் சொல்வான். அது நல்லபெருமாள் அண்ணாச்சிக்குப் போகும். அங்கிருந்து சுரண்டைக்குப் போகும். முதலாளி காதில் விழும். படியிறங்கிற வேண்டியதுதான்.

“எனக்குத்தாம்லே” என்றேன். “வீட்டுலேர்ந்து கொண்டாந்தது செல்லாதுன்னுட்டாரு. அங்கனயே புதுசாப் பிடிச்சிக் குடுத்தேன்.”

அவன் மூச்சு விட்டான். அந்த நிம்மதி ஒரு விநாடிதான். அடுத்த விநாடியே அவன் கண் கலங்கிவிட்டது. எனக்காக!

“ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சிருக்கியளே அண்ணாச்சி” என்றான். திரும்பி வரும்போது வண்டியை மெதுவாக, குலுக்கல் இல்லாமல் ஓட்டினான்.

கம்பெனி என்னை நிராகரித்தது. அது போகட்டும். அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. வேலையும் இல்லாமல், இன்ஷூரன்ஸும் இல்லாமல், இல்லாத ஒரு நோயும் எனக்கு வந்து சேர்ந்தது. நல்லபெருமாள் அண்ணாச்சி வீடு தேடி வந்து கோமதியிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குக் காலையில் ஆவாரம்பூக் கஷாயம், மத்தியானம் பாகற்காய், ராத்திரி கேப்பைக் கூழ். எனக்கு இல்லை என்று சொல்ல வேண்டுமானால், யாருக்கு இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். குடித்தேன்.

ஆவாரம்பூவைக் காட்டிலிருந்து பறித்துக்கொண்டு வந்து கொடுப்பவன் யார்? குத்தாலிங்கம்தான். ஒருநாள் விடாமல்.

தீபாவளியன்று வந்தான். கோமதி அதிரசம் சுட்டிருந்தாள். என் பங்கு தட்டில் தனியாக இருந்தது.

“இவுகளுக்குத்தான் ஆகாதே. நீயாவது தின்னு, தம்பி” என்றாள் கோமதி.

“அண்ணாச்சி பாத்துக்கிட்டு இருக்கையில எப்படி மதினி தின்னுவேன்?”

“நீ தின்னா நான் தின்ன மாதிரி” என்றேன்.

சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். என் பங்கு நான்கு அதிரசம். நான்கையும் தின்றுவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தான். இன்னொரு செம்பு கேட்டான்.

எனக்கு இப்போது அடையாளங்கள் எல்லாம் தெரிந்தன, தகப்பனாரிடம் பார்த்தவைதாம். குற்றாலம் போவதற்குள் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மரத்தடிக்கு ஓடுவான். “குதிரையைவிட வண்டிக்காரனுக்குத்தான் அடிக்கடி நிறுத்தணும்போல” என்று ஒரு பிரயாணி சொல்ல, வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். முன்பு ஒரு கையால் தூக்கிய டிரங்குப் பெட்டிக்கு இரண்டு கை வேண்டியிருந்தது. சட்டை தொளதொளவென்று ஆனது.

படித்தவனுக்கு ஒரு வசதி உண்டு. மனச்சாட்சிக்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவான். நான் கண்டுபிடித்தது: அந்தப் புட்டியில் முன்பு இருமல் டானிக் இருந்தது. டானிக் இனிப்பானது. சரியாகக் கழுவாமல் விட்டிருப்பேன். அந்த இனிப்புதான் செங்கல் நிறம் காட்டியிருக்கும்! இந்த விஞ்ஞானத்தை நம்பி எத்தனையோ மாதம் நிம்மதியாகத் தூங்கினேன். புட்டியை நான் மூன்று முறை வெந்நீரில் கழுவியது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தும்.

தை பிறந்தது. குடும்பத்தோடு சுரண்டைக்குப் போய் வேலைக்குச் சேர்ந்தேன். இனி சொல்லிவிடலாமே என்றால், முன்பு கிடைக்கப்போகிற வேலைக்காகப் பயந்தவன், இப்போது கிடைத்துவிட்ட வேலைக்காகப் பயந்தேன்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் தென்காசி வந்தேன். குத்தாலிங்கத்தின் வண்டி ஸ்டேஷனில் இல்லை. வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வலது காலில் துணிக்கட்டு. குதிரை மிதித்துவிட்டதாம்.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. மஞ்சப்பத்துப் போட்டிருக்கு. இருவது நாளாச்சு, ஆற மாட்டேங்குது. நீங்க எப்படி இருக்கிய? ஆவாரம்பூ யாரு பறிச்சுத் தாரா?”

கட்டை அவிழ்த்துக் காட்டினான். பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. அந்த வாடை எனக்குத் தெரியும். என் தகப்பனார் படுத்திருந்த அறையின் வாடை அது.

சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன். டாக்டர் புதிதாக எதையும் பிடிக்கச் சொல்லவில்லை, குழாயில் காய்ச்சியது உன்னுடையதுதான், நோய் உனக்குத்தான், அன்றே எனக்குத் தெரியும்.

அவன் மனைவி பேச்சியம்மாள் வாசல்படியில் நின்றிருந்தாள். அவள்தான் முதலில் பேசினாள்.

“அன்னைக்கு மூஞ்சியப் பாத்துக் கேட்டாவளே. ஒங்களுக்கா எனக்கான்னு கேட்டாவளே. மாசக்கணக்கா காடு காடா அலஞ்சு ஒங்களுக்குப் பூப் பறிச்சுக் குடுத்தாவளே... எப்படிய்யா முழுங்கினிய அதை?”



குத்தாலிங்கம் அவிழ்த்த துணியைக் காலில் மறுபடி சுற்றினான். பிறகு கேட்டான்.

“அந்த டாக்டர் வேற என்ன சொன்னாரு?”

சொன்னேன். அரிசியைப் பாதியாக்க வேண்டும். இனிப்புத் தொடக் கூடாது. கீறல் பட்டால் உடனே ஓடி வர வேண்டும்.

“அப்புறம்?”

“செருப்புப் போடாம நடக்கக் கூடாதுன்னாரு.”

“செருப்பு” என்றான். “இம்புட்டும் எனக்குச் சொன்னதா?”

“ஆமாலே.”

“எனக்குச் சொன்னதை எங்கிட்டச் சொல்ல ஒங்களுக்கு ஒரு வருசமா?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் குரலை உயர்த்தவே இல்லை.

மறுநாள் காலை ரயிலில் பாளையங்கோட்டைக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். உயிர் பிழைத்தான். பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். மதராஸிலிருந்து ஊசிமருந்து வரவழைத்தார்கள். ‘ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் ஒரு விரலும் போயிருக்காது’ என்று அங்கிருந்த டாக்டர் என்னிடம்தான் சொன்னார். நோயாளியின் மனம் நோகக் கூடாது என்று தனியாக அழைத்துச் சொன்னார்!

அதே நாளில், அதே ஆஸ்பத்திரியில், என்னுடையதையும் சோதிக்கச் சொன்னேன். இந்த முறை என்னுடையதேதான். நீலம் நீலமாகவே இருந்தது. எனக்குச் சர்க்கரை இல்லை. அன்றைக்குப் புட்டியில் என்னுடையதையே கொண்டு போயிருந்தால், எனக்கு இன்ஷூரன்ஸ் கிடைத்திருக்கும். கடிதம் எழுதிய நண்பருக்கு என் யோசனையும் அவ்வளவுதான். நோய் இருக்கிறதோ இல்லையோ, சோதனைக்கு உங்களுடையதையே கொடுக்கச் சொல்லுங்கள்.

பரிகாரம் என்று சிலவற்றைச் செய்து பார்த்தேன். சகாய நிதிக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். அச்சடித்த கார்டு ஒன்று பதிலாக வந்தது: தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது!

அடுத்து முதலாளி. வேலை போனால் போகட்டும் என்று நேரே போய்ச் சொன்னேன். குனிந்த தலை நிமிராமல், ஆதியோடந்தமாகச் சொன்னேன். சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால், அவருடைய தொந்தி குலுங்கிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் வரும்படி சிரித்தார்.

“அடுத்தவன் ஒண்ணுக்கைக் கொண்டுபோயி டாக்டர் கையில குடுத்தீராவே? இம்புட்டு மூளையை வச்சிக்கிட்டு இங்கன பஞ்சை எடை போட்டுக்கிட்டு இருக்கீரே! வர்ற மாசத்துலேருந்து வரி ஆபீஸ் வேலையெல்லாம் நீரே பாரும்.”

எனக்கு உத்தியோக உயர்வு கிடைத்தது. பதினோரு மாதம் நான் நடுங்கியது இந்த மனிதரின் நாணயத்துக்கு! ஒருவனுடைய பாதிப் பாதத்தை, இல்லாத ஒரு பயத்துக்கு விலையாகக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சிரிப்பைவிடப் பெரிய தண்டனையை எந்தக் கோர்ட்டும் எனக்குக் கொடுத்திருக்க முடியாது.

குத்தாலிங்கத்தால் வண்டிமேல் ஏறி இறங்க முடியவில்லை. குதிரையை விற்றுவிட்டான். ஆலை வாசலில் காவல் வேலைக்கு அவனைச் சேர்த்துக்கொள்ளும்படி முதலாளியிடம் கேட்டேன். சரி என்றார். குத்தாலிங்கம் சரி என்று சொல்ல மூன்று மாதம் ஆனது. அதுவும் பேச்சியம்மாள், “கோவத்தை அடுப்புல வச்சா சோறு வேகுமா?” என்று கேட்ட பிறகுதான்.

வந்தான். கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். புதிதாக வருகிற வியாபாரி, லாரிக்காரன், குமாஸ்தா எல்லாரிடமும் என்னைக் காட்டிக் கதை சொன்னான். “இந்தா போறாரே, எஞ் சர்க்கரையை ஒரு வருசம் இவருதான் வச்சிருந்தாரு.” நான் அவனைத் தடுக்கவில்லை. கதையை ரசமாகத்தான் சொல்வான். நான்கு அதிரசம் வரும் இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். அவன் மட்டும் சிரிக்க மாட்டான்.

என்னிடம் பேசினான். ஆனால் ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். ‘ஐயா’ என்பான். ஒரு மனிதனை மரியாதையாலேயே எவ்வளவு தூரத்தில் நிறுத்தலாம் என்பதை அவனிடம்தான் கண்டேன். கோமதி எத்தனையோ முறை கூப்பிட்டும் எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

மாதம் ஒருமுறை சோதனைக்கு அவனைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போவதை நான் விடவில்லை. முதல் இரண்டு தடவை வேண்டாம் என்றான். மூன்றாம் தடவை, ஒன்றும் சொல்லாமல் கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்தான். பஸ், ரயில், பிறகு ஆஸ்பத்திரி பெஞ்சு. ஒரு நாள் பூராவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். மழை, விளைச்சல், பஞ்சு விலை பற்றிப் பேசுவான். அதற்கு மேல் போக மாட்டான். அவனுக்கு இருக்கும் நோயைப் பற்றி டாக்டர் சொல்வதை நான் கேட்டு, ஒரு வார்த்தை விடாமல், அங்கேயே அப்போதே அவனிடம் சொல்வேன். அவனும் பக்கத்தில்தான் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். இருந்தாலும் சொல்வேன்.

எட்டு வருஷம் அப்படிப் போனோம். யுத்தம் தொடங்கிய பிறகு ஒரு மார்கழியில் அவன் நிமோனியாவில் இறந்துபோனான்.

எனக்கு மறக்காதது ஒரு நாள்தான். ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு குமாஸ்தா வந்திருந்தார். பெரிய ரிஜிஸ்தரைத் திறந்து வைத்துக்கொண்டு, நோயாளி பெயர், ஊர் எல்லாம் எழுதிவிட்டு, என்னைப் பார்த்தார்.

“கூட வந்திருக்கிறது யாரு? அண்ணனா?”

குத்தாலிங்கம்தான் சொன்னான்.

“அண்ணன்னா அன்னைக்கே சொல்லியிருப்பாருல்லா.”

குமாஸ்தாவுக்குப் புரியவில்லை. பேனாவோடு காத்திருந்தார். குத்தாலிங்கம் கம்பை மாற்றி ஊன்றிக்கொண்டான்.

“கூட வாறவருன்னு எழுதிக்கிடுங்க” என்றான். “மாசாமாசம் தவறாம வருதாரு.”

அப்படியே எழுதிக்கொண்டார்கள். எஸ்டேட்டில் குமாஸ்தாவாக இருந்தேன், ஆலையில் மானேஜர் வரைக்கும் போனேன், இப்போது உங்களுக்குப் பத்தி எழுதுகிறேன். ஒழுங்காகப் பார்த்த உத்தியோகம் எது என்று கேட்டால், அந்த ரிஜிஸ்தரில் எழுதியது ஒன்றுதான்.